தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் பச்சிளம் குழந்தை எதையெல்லாம் உணர்கிறது?

37 வாரம் நிறையும் முன் பிறந்த குழந்தைகளையும், பிறந்ததுமே மூச்சுக்குத் திணறும் குழந்தைகளையும் வைத்துப் பார்க்கும் பிரிவு இது. அந்த இன்குபேட்டருக்குள் கிடக்கும் குழந்தைக்கு என்ன தெரியப்போகிறது என்று பலர் கேட்கிறார்கள். நிறையவே தெரியும்.

கருப்பையில் வெளிச்சம் குறைவு. சத்தம் அம்மாவின் உடலைத் தாண்டி மங்கலாகத்தான் வரும். கைகாலை நீட்டினால் மெத்தென்று ஒரு சுவர் தடுக்கும். அங்கிருந்து திடீரென்று அலாரம், விளக்கு, குதிகாலில் ஊசி. அயர்ந்து தூங்கும்போது யாரோ போர்வையை உருவிவிட்டு முகத்தில் டார்ச் அடித்தால் நமக்கு எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட அப்படித்தான். நாம் கண்ணை மூடித் திரும்பிப் படுத்துக்கொள்வோம். இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் அந்த மூளையால் வேண்டாததை ஒதுக்க முடியாது.

விரல்களை விறைப்பாக விரிப்பது, நெற்றியைச் சுருக்குவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது எல்லாம் 'போதும்' என்று அது சொல்லும் விதம். அந்த நேரத்தில் தடவிக் கொடுப்பதைவிட, தலையில் ஒரு கையும் மடக்கிய கால்களில் ஒரு கையும் அசையாமல் வைத்திருப்பது நல்லது. செவிலியர் காட்டித் தருவார், தயங்காமல் கேளுங்கள். மருத்துவர் அனுமதித்தால் அம்மாவோ அப்பாவோ வெறும் மார்பில் சாய்த்துக்கொள்ளலாம். மூச்சும் இதயத்துடிப்பும் சீராவதை மானிட்டரிலேயே பார்க்கலாம்.

'அழவில்லை, அதனால் வலியில்லை' என்று நினைப்பது தவறு: மூச்சுவிட உதவும் செயற்கைக் குழாய் தொண்டைக்குள் செருகப்பட்டிருக்கும் குழந்தை எவ்வளவு அழுதாலும் சத்தம் வெளியே வராது.