ஐந்து பேரும் ஒருவரும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அறவியலுக்கான ஓர் அறிமுக நூலைப் படித்து முடித்தேன். விளைவைப் பார்க்கும் பயன்வாதம், கடமையைப் பார்க்கும் கடமைவாதம், மனிதரின் குணத்தைப் பார்க்கும் பண்பு அறவியல் என்று வரிசையாக வந்தன. ஒவ்வொன்றைப் படிக்கும்போதும் அதுவே சரி என்று தோன்றியது. அடுத்த அத்தியாயத்தில் அது உடைந்தது. நண்பர்களிடம் சொன்னபோது டிராம் கேள்வியைக் கேட்டார்கள்: கட்டுப்பாடு இழந்த டிராம் தடத்தில் நிற்கும் ஐவரை நோக்கி வருகிறது, அருகிலுள்ள லீவரைத் திருப்பினால் அது ஒருவர் மட்டும் நிற்கும் வேறு தடத்துக்குப் போகும், என்ன செய்வாய்? லீவரைத் திருப்பி, ஒருவர் செத்தாலும் ஐவரைக் காப்பாற்றுவேன் என்றேன். ‘அப்படியானால் நீ பயன்வாதி’ என்றார்கள். பாலத்தின்மேல் நிற்கும் ஒருவரை டிராமின் முன் தள்ளி ஐவரைக் காப்பாற்றுவாயா என்றார்கள். மாட்டேன் என்றேன். முரண்படுகிறாய் என்று சிரித்தார்கள். அந்த ஒருவர் விஞ்ஞானியாகவும் ஐவரும் குற்றவாளிகளாகவும் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று நான் கேட்டதற்கு அவர்களிடம் பதில் இல்லை. அறம் என்பது வெறும் உணர்ச்சிதானா? சமூகத்துக்குச் சமூகம் மாறுவதுதானா? இந்தக் கோட்பாடுகளில் எதை நான் ஏற்பது? சில நாட்களாக மனம் நிலைகொள்ளவில்லை.

ம.

அன்புள்ள ம,

ஒவ்வோர் அத்தியாயத்திலும் நம்பி, அடுத்ததில் நம்பிக்கை உடைந்தது என்கிறீர்கள். அந்த நூலை அப்படித்தான் படிக்கவேண்டும். மனம் நிலைகொள்ளாததற்காக வருந்தாதீர்கள்.

சமூகத்துக்குச் சமூகம் அறநம்பிக்கை மாறுகிறது என்பது உண்மை. அதிலிருந்து அறத்தில் சரியும் தவறும் இல்லை என்ற முடிவு வராது. பூமியின் வடிவத்தைப் பற்றியும் சமூகங்கள் வேறுவேறாக நம்பியிருக்கின்றன. அறம் சமூகத்தைச் சார்ந்தது என்னும் சார்புவாதத்துக்கு இதைவிட வலுவான வாதங்கள் உண்டு, ஆனால் நீங்கள் அவற்றைச் சொல்லவில்லை. எந்தக் கோட்பாட்டை ஏற்பது என்றால், இப்போதைக்கு எதையும் ஏற்கவேண்டாம்.

உங்கள் நண்பர்கள் சிரித்தது தவறு. அதைவிடப் பெரிய தவறு நீங்கள் கேட்ட அந்த விஞ்ஞானிக் கேள்வி. சிந்தனைச் சோதனை என்பது மற்ற எல்லாவற்றையும் அசையாமல் கட்டிவைத்துவிட்டு ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது. ஆறு பேரையும் முகமற்றவர்களாக வைத்திருப்பதே அதற்காகத்தான். ஒருவருக்கு மேதைமையையும் ஐவருக்குக் குற்றத்தையும் ஏற்றியவுடன் நீங்கள் வேறு கேள்விக்குப் போய்விட்டீர்கள். உயிர்களின் மதிப்பு சமமா என்பது அந்தக் கேள்வி. அது நல்ல கேள்விதான், ஆனால் கையில் இருந்த கேள்வியை விட்டு ஓடுவதற்காக அதைக் கேட்டீர்கள். ‘கத்தி எச்சரிக்கலாமே’, ‘பிரேக் இருக்குமே’ என்பவர்கள் செய்வதும் இதையேதான்.

லீவரைத் திருப்புவேன் என்பதால் ஒருவர் பயன்வாதி ஆகிவிடமாட்டார். ஒரு செயலைச் சரியாக்குவது அதன் விளைவால் வரும் மொத்த நன்மை ஒன்றே, வேறெதுவும் கணக்கில் வராது என்பதுதான் பயன்வாதம். அதை மறுக்கும் ஒருவரும் வேறு காரணத்தால் லீவரைத் திருப்பலாம். கோட்பாடு இருப்பது காரணத்தில்தான், ‘ஆம்’, ‘இல்லை’ என்ற விடையில் அல்ல. எண்ணிக்கை மட்டுமே முக்கியம் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டால்தான் உங்கள் இரண்டு விடைகளும் முரண்படும். அப்படி நீங்கள் எங்கே ஒப்புக்கொண்டீர்கள்?

இந்த டிராம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1967-இல் தத்துவவாதி ஃபிலிப்பா ஃபூட் கருக்கலைப்பைப் பற்றி எழுதிய கட்டுரையில் அது சில வரிகளில் வந்துபோகும் உதாரணம். அதில் லீவரும் இல்லை, வழிப்போக்கரும் இல்லை. கட்டுப்பாடு இழந்த டிராமின் ஓட்டுநர் இருக்கிறார். ஒரு தடத்தில் ஐவர், மறு தடத்தில் ஒருவர். இதற்கு இணையாக ஃபூட் ஒரு நீதிபதியை வைக்கிறார். குற்றவாளி அகப்படவில்லை, கலவரக்கும்பல் பலரைக் கொல்லப்போகிறது, ஒரு நிரபராதியைத் தூக்கிலிட்டால் கலவரம் அடங்கும். ஓட்டுநர் திருப்பலாம், நீதிபதி தூக்கிலிடக்கூடாது என்று நமக்குத் தோன்றுகிறது. ஏன்?

பழைய பதில் ஒன்று உண்டு. இரட்டை விளைவுக் கோட்பாடு என்பார்கள், தற்காப்புக் கொலை பற்றி கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் 13-ஆம் நூற்றாண்டில் எழுதியதில் அதன் வேர் இருக்கிறது. தீமையை நோக்கமாகவோ வழியாகவோ கொள்ளக்கூடாது, ஆனால் பக்கவிளைவாக அது நேரும் என்று தெரிந்தும் சிலசமயம் செய்யலாம். நீதிபதிக்கு நிரபராதியின் சாவு தேவைப்படுகிறது. ஓட்டுநருக்கு அது தேவையில்லை, அந்த ஒருவர் தப்பி ஓடினால் அவர் மகிழ்வார். பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் திருப்தியடைந்து நின்றுவிடுகிறார்கள்.

ஃபூட் நிற்கவில்லை. ஒரு மருத்துவமனையைச் சொல்கிறார். ஒரு வாயுவைத் தயாரித்தால் ஐந்து நோயாளிகள் பிழைப்பார்கள். ஆனால் தயாரிக்கும்போது எழும் நச்சுப்புகை பக்கத்து அறைக்குள் போகும். அங்கே நகர்த்தமுடியாத ஒரு நோயாளி படுத்திருக்கிறார். அவருடைய சாவு யாருக்கும் தேவையில்லை, அது வெறும் பக்கவிளைவு. ஆகவே இரட்டை விளைவுக் கோட்பாட்டின்படி வாயுவைத் தயாரிக்கலாம். நாமோ கூடாது என்கிறோம். அந்தக் கோட்பாடு மட்டும் போதாது என்பது இந்த ஒரு உதாரணத்தில் தெரிந்துவிடுகிறது. டிராமை எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள், வாயுவை மறந்துவிட்டார்கள். எனக்கு இதில்தான் தீராத ஆதங்கம்.

இதனருகே நான்காவதாக ஒரு மருந்தை வையுங்கள். மருந்து அரிது. முழு அளவும் கொடுத்தால் ஒருவர் பிழைப்பார். அதையே ஐந்து பங்காகப் பிரித்தால் வேறு ஐவர் பிழைப்பார்கள். ஐவருக்குக் கொடுப்போம், அந்த ஒருவர் இறப்பார். இங்கே நமக்குத் தயக்கம் குறைவு.

ஃபூட்டின் விளக்கம் இது: தீங்கு செய்யாதிருக்கும் கடமை வேறு, உதவும் கடமை வேறு, முன்னது வலுவானது. மருந்தில் உதவும் கடமைகள் இரண்டு மோதுகின்றன, ஆகவே எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கலாம். டிராமில் கொல்லாதிருக்கும் கடமைகள் இரண்டு மோதுகின்றன, ஏனென்றால் எந்தத் தடத்தில் போனாலும் கொல்வது ஓட்டுநர்தான். அங்கும் எண்ணலாம். வாயுவிலும் நீதிபதியிடத்திலும் உதவும் கடமை ஒருபுறம், கொல்லாதிருக்கும் கடமை மறுபுறம். அங்கே எண்ணிக்கை செல்லாது. எண்ணிக்கை எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதற்கு ஒரு விதி கிடைத்துவிட்டது. உங்களை முரண்பட்டவர் என்றவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

ஆனால் இதுவும் உடைந்தது. ஓட்டுநரை நீக்கிவிட்டு, லீவரருகே நிற்கும் வழிப்போக்கரைக் கொண்டுவந்தவர் இன்னொரு தத்துவவாதி, ஜூடித் ஜார்விஸ் தாம்சன். வழிப்போக்கர் சும்மா நின்றால் அவர் ஐவரைக் கொல்லவில்லை, சாகவிடுகிறார். திருப்பினால் ஒருவரைக் கொல்கிறார். ஃபூட்டின் விதிப்படி திருப்பக்கூடாது. ஆனால் திருப்பலாம் என்றே பெரும்பாலானவர்களுக்குத் தோன்றுகிறது. நீங்கள் லீவர், லீவர் என்று சொல்லும்போது இந்த ஓட்டுநருக்கும் வழிப்போக்கருக்கும் இடையிலுள்ள வேறுபாடு உங்களுக்குத் தெரியவே இல்லை. நூலாசிரியரும் சொல்லாமல் விட்டிருந்தால் அது அவருடைய பிழை. 2008-இல் தாம்சன் தன் கருத்தையே மாற்றிக்கொண்டார். டிராமைத் தன் பக்கம் திருப்பித் தானே சாக முடியும் என்ற நிலையில் அதைச் செய்யக் கடமைப்படாத வழிப்போக்கர், அந்த விலையை இன்னொருவரைக் கொடுக்கவைப்பது எப்படி நியாயம் என்று கேட்டார். பல ஆண்டுகள் தான் காத்துநின்ற நிலைப்பாட்டை ஒரு கேள்விக்காகக் கைவிட்டார். அறம் வெறும் உணர்ச்சி என்றால் இப்படி நடக்குமா?

பாலத்துக்கு வருவோம். லீவரிலிருந்து பாலத்துக்குப் போகையில் ஒரே சமயத்தில் குறைந்தது மூன்று மாறுகின்றன: நீங்கள் உடலைத் தொடுகிறீர்கள், அவருடைய உடலே டிராமை நிறுத்தும் கருவியாகிறது, ஏற்கெனவே ஓடிவரும் ஆபத்தைத் திருப்பாமல் புதிய ஆபத்தை உண்டாக்குகிறீர்கள். எது உங்களைத் தடுத்தது என்று இதிலிருந்து சொல்லமுடியாது. ஒவ்வொன்றாகப் பிரியுங்கள். தொடாமல், பாலத்தில் ஒரு பொறிக்கதவை லீவரால் திறந்தால்? லீவர் அப்படியே இருக்க, கிளைத்தடம் வளைந்து ஐவரிடமே திரும்பிவந்து, அந்த ஒருவரின் உடல் மட்டுமே டிராமை நிறுத்தும் என்றால்? ஒவ்வொன்றுக்கும் விடையை எழுதிவிட்டு, அதற்குப் பிறகு காரணத்தை எழுதுங்கள். காரணத்தை முதலில் எழுதினால் விடை அதற்கேற்ப வளைந்துவிடும்.

எழுதும்போது மருந்தை மட்டும் இப்படி மாற்றிப் பாருங்கள். அந்த முழு மருந்தும் ஏற்கெனவே முதல் நோயாளியின் கையில் இருக்கிறது, அது அவருடையது. ஐவருக்காக அதைப் பிடுங்கலாமா? பிடுங்குவது உதவாமல் இருப்பதா, தீங்கு செய்வதா? உங்கள் விடையை எனக்கு அனுப்புங்கள்.