வெறும் டிராஃப்ட்ஸ்மேன் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகன், கறுப்பினக் கண்டுபிடிப்பாளர்களைப் பற்றிப் பள்ளியில் பேசப் போகிறான். வாட்ஸ்அப்பில் வந்த பட்டியல் ஒன்றைக் கொடுத்தேன். மின்விளக்கு லூயிஸ் லாட்டிமர், போக்குவரத்து விளக்கு காரெட் மார்கன் என்று அதில் இருந்தது. நண்பர் ஒருவர், “லாட்டிமர் வெறும் டிராஃப்ட்ஸ்மேன். கிரகாம் பெல்லுக்குப் படம் வரைந்தவர், அவ்வளவுதான்” என்கிறார். அவரை விட்டுவிடலாமா? பேச்சை எப்படித் தொடங்கலாம்?

ச., மதுரை

அன்புள்ள ச.,

பட்டியலை முதலில் அழித்துவிடுங்கள். மார்கன் 1923இல் காப்புரிமை பெற்றது, கையால் இயக்கும் சைகைக் கம்பத்துக்கு. விளக்கு வைத்த சிக்னல் 1868லேயே லண்டனில் நின்றது. மின்விளக்கும் லாட்டிமர் கண்டுபிடித்ததல்ல. பெரிய மனிதர் கழுத்தில் பொய் மாலையைப் போட்டால், அதை அறுக்க வருகிறவன் அவர் சட்டையையும் சேர்த்துக் கிழித்துவிட்டுப் போவான். உங்கள் நண்பர் செய்தது அதைத்தான்.

ஆனால் அந்த ‘வெறும்’ இரண்டு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை.

என் அப்பா ஓர் அலுவலகத்தில் டிரேசராக இருந்தார். பொறியாளர் பென்சிலில் போட்ட படத்தின்மேல் டிரேசிங் துணியை விரித்து, மையில் பிரதி எடுக்கும் வேலை. ஒருமுறை மாடிப்படியை வரையும்போது உயரங்களைக் கூட்டிப் பார்த்து, ஒரு படி குறைகிறது என்றார். “கோடு போடுவதுதான் உன் வேலை” என்றார் அதிகாரி. மறுநாள் திருத்திய படம் மேஜைக்கு வந்தது, அதிகாரியின் கையெழுத்தோடு. அப்பா இதைக் கோபமில்லாமல்தான் சொன்னார். சொல்லும்போது விரலால் சாப்பாட்டு மேஜையில் அந்தப் படிக்கட்டை வரைந்துகொண்டிருந்தார்.

லாட்டிமரின் பெற்றோர் 1842இல் வர்ஜீனியாவின் அடிமைத்தளையிலிருந்து தப்பி பாஸ்டனுக்கு ஓடிவந்தவர்கள். அப்பாவைப் பிடித்துவிட்டார்கள், ஊர் கொதித்தது. கடைசியில் 400 டாலர் கொடுத்து அவரை மீட்டார்கள். மகன் பிறந்தது 1848இல். அவனுக்கு ஒன்பது வயதானபோது, அமெரிக்க அரசின் தலைமை வழக்கறிஞர், அடிமையின் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கிடையாது என்று எழுதினார். மிசிசிப்பியில் நெட் என்ற அடிமை பருத்தி வயலுக்கு ஒரு கருவி செய்திருந்தார். அடிமையின் கையுழைப்பும் அறிவுழைப்பும் தனக்கே சொந்தம் என்று வாதாடிய எஜமானருக்கும் காப்புரிமை கிடைக்கவில்லை. நெட்டின் முழுப்பெயர்கூட நமக்கு வந்துசேரவில்லை.

உள்நாட்டுப் போரில் கடற்படையில் இருந்துவிட்டு வந்த லாட்டிமர், காப்புரிமை வழக்கறிஞர்களிடம் வாரம் 3 டாலருக்கு ஆபீஸ் பையனாகச் சேர்ந்தார். வரைகிறவர்களின் கையைப் பார்த்தே கற்றார். பழைய கருவிகளை வாங்கிப் பழகி, தலைமை டிராஃப்ட்ஸ்மேன் ஆனார். 1876இல் பெல்லின் தொலைபேசிக்கான படங்களை வரைந்தது அந்தக் கைதான்.

‘படம் வரைந்தவர்!’ கண்டுபிடிப்பாளன் பாதி யோசனையோடு வருவான், ஐயா. இந்தக் கம்பி எங்கே போய் முடிகிறது, இந்தத் தகடு எதன்மேல் உட்கார்கிறது என்று தாள் கேட்கும். பதில் தெரியாமல் பேனா நகராது. எந்திரம் முழுதாகப் புரியாதவன் வரைந்தால் அது கோலம்.

புரிந்ததால்தான் 1882இல் அவர் தன் பெயரிலேயே காப்புரிமை வாங்கினார். விளக்கின் கார்பன் இழையைச் சூளையில் சுடும்போது அது கோணிக்கொள்ளும், உடையும். கூடவே சுருங்கி விரியும் அட்டை உறைக்குள் வைத்துச் சுட்டார். அப்போது அவர் வேலை பார்த்தது எடிசனின் போட்டியாளரான மாக்சிமின் கம்பெனியில். பிறகு எடிசன் தரப்பே அவரை அழைத்துக்கொண்டது. காப்புரிமை வழக்குகளில் அவர்களுக்காகச் சாட்சியும் சொன்னார்.

பேச்சின் தொடக்கத்தைக் கேட்டிருந்தீர்கள், மறந்தேபோனேன். மகனிடம் ஒரு பேனா மூடியைக் கொடுத்து, உள்ளும் புறமும் தெரிய வரையச் சொல்லுங்கள். மரை தொடங்கும் இடத்தில் மாட்டிக்கொள்வான். பக்கத்தில் உங்கள் நண்பரையும் ஒரு பென்சிலோடு உட்காரவையுங்கள்.