கைக்கடிகார லக் துளை கோணலாவது, பழைய முள்ளின் லூம்

கை ட்ரில்லில் கார்பைடு பிட் போட்டு கைக்கடிகாரத்தின் லக்கை, அதாவது பட்டை மாட்டும் கொம்பை, துளைத்தபோது துளை கோணலாகி பிட்டும் ஒடிந்தது என்கிறீர்கள். கார்பைடு கடினமானது, ஆனால் கொஞ்சம் சாய்ந்தாலே முறியும். கையால் பிடித்துச் செய்யும் வேலையே இல்லை இது. மூவ்மென்டையும் (உள்ளே ஓடும் இயந்திரம்) கண்ணாடியையும் கழற்றிவிட்டு, கேஸை (கடிகாரத்தின் உடல்) ட்ரில் பிரஸ் வைஸில் அசையாமல் இறுக்குங்கள். கோபால்ட் பிட் போதும், அளவு லக்கின் உள்பக்கம் இருக்கும் ஸ்பிரிங் பார் (பட்டையைப் பிடிக்கும் ஊசி) குழியைப் பார்த்து.

முதல் லக்கை வெளியிலிருந்து துளைத்த பிறகு கேஸை அசைக்காமல், நீளமான பிட்டை அதே துளை வழியே எதிர் லக்கின் குழிக்குள் இறக்குங்கள். இரண்டும் ஒரே கோட்டில் வரும். கேஸின் 316எல் துருப்பிடிக்காத ஸ்டீல் உரசினால் இன்னும் கடினமாகும். அதனால் குறைந்த வேகம், விடாத அழுத்தம், எண்ணெய். அடிக்கடி வெளியே எடுத்துத் துகளைத் துடையுங்கள்.

அப்புறம், 1950களின் முட்களில் இருக்கும் லூமை, அதாவது ரேடியம் கலந்திருக்கக்கூடிய ஒளிர் பூச்சை, சுரண்டப் போவதாகச் சொன்னீர்களே, வேண்டவே வேண்டாம். ஒளிராததால் ரேடியம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. களைத்துப்போனது ரேடியத்தின் கதிரால் ஒளிரும் துத்தநாக சல்பைடுதான். கதிர்வீச்சுள்ள ரேடியத்தின் அரை ஆயுள் (பாதியாகக் குறையும் காலம்) சுமார் 1,600 ஆண்டுகள், அந்தத் தூசி மூச்சில் போகக் கூடாது. புது முட்கள் வாங்கி, ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் ஒளிர்பொடியை பைண்டரில் (பொடியை ஒட்டவைக்கும் திரவம்) குழைத்து, முள்ளின் பின்பக்கத்திலிருந்து நிரப்புங்கள். பழைய மஞ்சள் நிறத்துக்காகச் சாயம் சேர்த்தால் ஒளி குறையும், ஒரு துளிக்கு மேல் வேண்டாம்.