பழுப்புப் பருந்தும் கடைசி வாலாட்டியும்: மாசி, பங்குனிப் பறவைகள் பற்றிய கேள்வி பதில்

வந்திருக்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் "இது என்ன பருந்து?" என்பதுதான். சந்தோஷமாக இருக்கிறது. தலை தூக்கி வானத்தைப் பார்க்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள். ஒன்று மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். கேட்கும்போது நிறத்தை மட்டும் எழுதாதீர்கள். எந்த இடம், எத்தனை மணி, அது என்ன செய்துகொண்டிருந்தது என்பதையும் எழுதுங்கள். இரைகொல்லிப் பறவைகளின் நிறம் வயதுக்கு வயது மாறும், வெயிலுக்கு வெயில் மாறும். பறக்கும் விதம் அப்படிச் சட்டென்று மாறாது.

மதுரையிலிருந்து ஒருவர்: சார், எங்க மாடிக்கு மேல தினமும் ஒரு பழுப்புப் பருந்து வட்டம் போடுது. கரும்பருந்துன்னு நான் சொல்றேன். செம்பருந்துக் குஞ்சுன்னு மாமனார் சொல்றார். யார் சரி?

வாலைப் பாருங்கள். கரும்பருந்தின் வால் நடுவில் பிளந்திருக்கும். செம்பருந்தின் வால் நுனி வட்டமாக இருக்கும். வளர்ந்த செம்பருந்தை யாரும் தவறவிட மாட்டார்கள். வெள்ளைத் தலை, செங்கல் நிற உடம்பு. இளம்பறவைதான் முழுக்கப் பழுப்பாக இருந்து குழப்பும். இதில் ஒரு சிக்கல் உண்டு. கரும்பருந்து வாலை முழுக்க விரித்தால் அந்தப் பிளவு மறைந்து, நுனி நேர்கோடாகத் தெரியும். அதனால் ஒரு நொடி பார்த்து முடிவு செய்யாமல், அது திரும்பும்வரை காத்திருங்கள். திரும்பும்போது படகின் சுக்கான் போல வாலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முறுக்கினால் நீங்கள் சொன்னதுதான் சரி. மாமனாரையும் மாடிக்கு அழைத்துப் போங்கள்.

விருதுநகர் பக்கம், கரிசல்காட்டிலிருந்து: அண்ணா, ஒரு பறவை அந்தரத்துல ஒரே இடத்துல நின்னு சிறகடிச்சுக்கிட்டே கீழ பார்க்குது. பேரு என்ன?

தம்பி, உங்கள் காட்டில் அப்படி நிற்கக்கூடியவை மூன்று.

முதலாவது சிவப்பு வல்லூறு. கெஸ்ட்ரல் என்றும் சொல்வோம். முதுகு செம்மண் நிறம், வால் நீளம், விரித்தால் நுனியில் கறுப்புப் பட்டை. குளிர்காலத்தில் வந்து இப்போது திரும்பிக்கொண்டிருக்கும் பறவை.

இரண்டாவது கருந்தோள் பருந்து. காக்கையைவிடச் சிறியது. உடம்பு வெள்ளையும் சாம்பலும், தோளில் கறுப்புத் திட்டு. இது வருடம் முழுக்க இங்கேயே இருக்கும். நின்று பார்த்தபின் கால்களைத் தொங்கவிட்டு, சிறகுகளை மேலே தூக்கி, படிப்படியாக இறங்கும். ஒருமுறை பனைமட்டையில் ஒன்று எலியோடு வந்து உட்கார்ந்ததை இருபதடி தூரத்திலிருந்து பார்த்தேன். கண் இரண்டும் குங்குமச் சிவப்பு. எலியின் தலையிலிருந்து ஆரம்பித்தது. ஒவ்வொரு கடிக்கும் வால் மேலும் கீழும் ஆடியது.

மூன்றாவது பாம்புண்ணிக் கழுகு. ஆள் பெரியது, தலை ஆந்தையைப் போல உருண்டை, அடிப்பக்கம் வெளுப்பு. இவ்வளவு பெரிய உடம்பு அந்தரத்தில் நிற்பதைப் பார்த்தால் அதுவே அடையாளம்.

நீங்கள் அளவை எழுதவில்லை. காக்கையோடு ஒப்பிட்டு அடுத்த முறை சொல்லுங்கள்.

கோவையிலிருந்து ஒரு அம்மா: எங்க வேப்பமரத்துல வல்லூறு ஒண்ணு உட்கார்ந்துச்சு. தவிட்டுக்குருவி எல்லாம் சேர்ந்து கத்தி விரட்டுச்சு. ஆனா ராத்திரி அதே மரத்துல இருந்து குயில் மாதிரி, சுருதி ஏத்தி ஏத்திக் கூப்பிடுது. வல்லூறு இப்படிப் பாடுமா?

பாடாது அம்மா. நீங்கள் பார்த்தது அக்காக்குயில். சாம்பல் முதுகு, வரிவால், பறக்கும் விதம் எல்லாம் வல்லூறைப் போலவே இருக்கும். மரத்தை நெருங்கும்போது சட்டென்று மேலெழும்பி உட்காருவதுகூட அப்படியே. தவிட்டுக்குருவிகளே பதறுகின்றன என்றால் வேஷம் எவ்வளவு பொருத்தம் என்று பாருங்கள். பிறகு அந்தத் தவிட்டுக்குருவிகளின் கூட்டிலேயேதான் முட்டையிடும். அலகைப் பார்த்தால் தெரிந்துவிடும். வல்லூறின் அலகு கொக்கி போல வளைந்திருக்கும், குயிலின் அலகு மெலிந்து நேராக இருக்கும். வெயில் ஏற ஏற அதன் குரல் இன்னும் கூடும். தூக்கம் கெடும், ஆனாலும் கேட்டு ரசியுங்கள்.

காஞ்சிபுரத்திலிருந்து: ஏரியில் நாமக்கோழிகள் திடீர்னு ஒண்ணா நெருங்கி ஒரே கும்பலா ஆயிடுச்சு. வாத்துகள் எல்லாம் எழும்பிடுச்சு. மேலே பருந்து எப்பவும்தான் இருக்கு. அன்னைக்கு மட்டும் ஏன்?

அருமையான கவனிப்பு. அன்றைக்கு வந்தது பெரும்பாலும் சேற்றுப் பூனைப்பருந்துதான். செத்த மீன் பொறுக்க வரும் செம்பருந்தை நாமக்கோழி அவ்வளவாகப் பொருட்படுத்தாது. பூனைப்பருந்து கோரைக்கு மேலே தாழ்வாக, சிறகை லேசாக மேல்நோக்கிப் பிடித்து, கோழிக்குஞ்சைத் தேடும் பூனை போல வரும். பெட்டை சாக்லேட் பழுப்பு, தலை மட்டும் வெண்ணெய் தடவினாற்போல் இருக்கும். நீர்ப்பறவைகளைப் பார்த்தே வானத்தில் யார் என்று கண்டுபிடிக்கப் பழகிவிட்டால் பைனாகுலரை எடுக்கும் முன்பே பாதி விடை கிடைத்துவிடும்.

அதே ஏரிக்கு இன்னொருவர்: வாத்துகள் குறைஞ்சுக்கிட்டே வருதே. இனிமே போறதுல பிரயோஜனம் இருக்கா?

இப்போதுதான் போக வேண்டும். உடை மாற்றும் காலம் இது. நவம்பரில் மங்கலாக வந்த மஞ்சள் வாலாட்டி பளீரென்று மஞ்சளாகியிருக்கும். நீள அலகுக் கரைப்பறவைகளான கருவால் மூக்கன்களின் கழுத்தில் செங்கல் நிறம் ஏறிக்கொண்டிருக்கும். மின்கம்பியில் தகைவிலான்கள் வரிசை கட்டும்.

இன்னொன்றைச் சொல்ல வேண்டும். இதுதான் என் நெடுநாள் ஆதங்கம். முதல் பறவை வந்த நாளை எல்லோரும் எழுதுகிறோம், படம் போடுகிறோம். கடைசிப் பறவை போன நாளை எழுதுகிறவர் எத்தனை பேர்? முதல் நாளை ஒரே நடையில் பிடித்துவிடலாம். கடைசி நாளைப் பிடிக்க, அது போனபிறகும் பல நாள் போய் "இன்று இல்லை" என்று எழுதியாக வேண்டும். "இல்லை" என்ற அந்தப் பதிவு இல்லாமல் வலசைக் காலம் நீள்கிறதா சுருங்குகிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்கு ஜனவரியில் எத்தனையோ பேர் வருகிறார்கள். பிப்ரவரியில் உலகம் முழுக்க நடக்கும் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்புக்கும் வருகிறார்கள். மார்ச் கடைசியில், பார்த்த பறவைகளைப் பட்டியலிட்டுப் பதியும் இபேர்டு இணையதளத்தைத் திறந்தால் பல ஏரிகளுக்குப் பட்டியலே இருக்காது. கால் மணி நேரம் போதும். போங்கள்.

திருவண்ணாமலையிலிருந்து: கோபுரத்துல இருந்து புறாவை அடிச்சுக்கிட்டுப் போனது எது?

பொரி வல்லூறாக இருக்கலாம். கண்ணுக்குக் கீழே மீசை வைத்தாற்போல் கறுப்புப் பட்டை இருந்ததா என்று பாருங்கள். செங்குத்தாகப் பாயும்போது மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வேகம் எடுக்கும். வயிறு வெளுப்பாக இருந்தால் வடதுருவப் பக்கத்திலிருந்து வந்த விருந்தாளி. செம்பழுப்பாக இருந்தால் இங்கேயே பாறை விளிம்பில் கூடு வைக்கும் ஷாகீன்.

மசினகுடி பக்கத்திலிருந்து: மாயாறு பக்கம் பாறு கழுகு கூடு இருக்குன்னாங்க. குடும்பத்தோட போய்ப் பார்க்கலாமா?

வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன். பிணந்தின்னிக் கழுகான வெண்முதுகுப் பாறு ஒரு வருடத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். ஆற்றோர நீர்மருது மரங்களில் இப்போது குஞ்சு இருக்கும் காலம். ஆள் நடமாட்டத்தில் தாய் எழும்பினால் அந்த ஒரு குஞ்சும் போகும். புலிகள் காப்பகத்துக்குள் அனுமதியில்லாமல் இறங்குவதும் குற்றம்.

இந்தியாவில் 1992க்கும் 2007க்கும் இடையில் வெண்முதுகுப் பாறுகளில் ஏறக்குறைய ஆயிரத்துக்கு ஒன்றுதான் மிஞ்சியது. காரணம் மாட்டுக்குப் போட்ட வலி மருந்து டைக்ளோபினாக். மருந்து போட்ட மாடு செத்து, அந்த இறைச்சியைத் தின்றால் பாறுவின் சிறுநீரகம் செயலிழக்கும். உள்ளுறுப்புகள் மேல் யூரிக் அமிலம் சுண்ணாம்பு பூசியது போலப் படிந்து சில நாளில் சாகும். ஒரு சடலத்தை ஐம்பது அறுபது பறவைகள் பகிர்ந்து தின்னும் என்பதால் மொத்தக் கூட்டமும் விழுந்தது. 2006இல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். மனிதருக்கான பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போட்டதால் 2015இல் குப்பியை 3 மில்லிக்குச் சுருக்கினார்கள். 2023இல் வேறு இரண்டு வலி மருந்துகளான கீட்டோபுரோபேனும் அசிக்ளோபினாக்கும் கால்நடைக்குத் தடையாயின. இவற்றுக்குப் பதிலாக மாட்டுக்குப் போடக்கூடிய வலி மருந்து மெலாக்சிகாம் பாறுகளுக்குப் பாதுகாப்பானது.

நீங்கள் உண்மையிலேயே ஏதாவது செய்ய விரும்பினால், மாடு வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரிடம் இந்த ஒரு பெயரைச் சொல்லுங்கள்: மெலாக்சிகாம். கூட்டைப் பார்ப்பதைவிட அது பெரிய உதவி.

சென்னையிலிருந்து ஒரு மாணவி: அங்கிள், தென்னை மரத்துல இருந்து பருந்துக் குஞ்சு விழுந்துருச்சு. பால் குடுத்தேன், குடிக்கல. என்ன பண்றது?

பால் வேண்டாம்மா. தண்ணீரையும் ஊற்றாதே. பறவைக்கு மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குச் சற்றுப் பின்னாலேயே திறந்திருக்கும். நாம் ஊற்றுவது நேரே நுரையீரலுக்குப் போய்விடும். பல வருடத்துக்கு முன் நானும் இதே அன்பில் ஒரு குஞ்சுக்குச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டேன். பத்து நிமிடத்தில் என் கையிலேயே தலை சாய்ந்தது. இன்றுவரை மறக்கவில்லை.

அட்டைப்பெட்டியில் துளை போட்டு, பழைய துணி விரித்து, அதில் வைத்து மூடி, இருட்டான அமைதியான இடத்தில் வை. தூக்கும்போது துண்டைப் போர்த்தித் தூக்கு. அலகைவிட நகம்தான் ஆபத்து. இறகு முளைத்திருந்து, காயமும் இல்லாமல், பெற்றோர் மேலே சுற்றினால் பக்கத்தில் உயரமான இடத்தில் வைத்துவிட்டு விலகு, அவையே ஊட்டும். ரத்தமோ சிறகில் மாஞ்சா நூலோ இருந்தால் உடனே வனத்துறைக்குச் சொல்லச் சொல்லி அப்பா அம்மாவிடம் கேள். வீட்டில் வளர்க்கச் சட்டம் அனுமதிக்காது.

சேலத்திலிருந்து: குயில் ஏன் இப்போ மட்டும் கத்துது?

எங்கும் போகவில்லை, இவ்வளவு நாள் சத்தமில்லாமல் இருந்தது. காக்கை கூடு கட்டும் காலம் வருகிறது, அதனால்தான்.

தஞ்சாவூரிலிருந்து ஒரு தாத்தா: கொல்லையில் முருங்கையின் பட்ட கிளையை வெட்டலாம் என்றிருந்தேன். பச்சைக் குருவி ஒன்று நாலு நாளாக ஓட்டை போடுகிறது. மரங்கொத்தியா?

செம்மார்புக் குக்குறுவான் ஐயா. நெற்றியிலும் மார்பிலும் சிவப்பு, கண்ணைச் சுற்றி மஞ்சள். மதியத்தில் "டுக், டுக், டுக்" என்று கன்னார் சுத்தியல் தட்டுவது போலக் கேட்டிருப்பீர்கள், அது இதுதான். கூப்பிடும்போது அலகு மூடியே இருக்கும், தொண்டை மட்டும் புடைத்துப் புடைத்து அடங்கும். ஓட்டையை ஆணும் பெண்ணும் மாறி மாறிக் கொத்தும். மழைநீர் உள்ளே இறங்காதபடி கிளையின் அடிப்பக்கத்தில் வாசல் வைக்கும். பச்சைக் கிளையில் அதற்குக் கொத்த வராது, பட்ட கிளைதான் வேண்டும். தயவுசெய்து ஆடி வரை வெட்டாதீர்கள்.

நாகர்கோவிலிலிருந்து: எங்க தோப்புல ஆறுமணிக் குருவி இன்னும் இருக்கு. எப்போ கிளம்பும்?

சித்திரை, வைகாசியில் வடக்கே போய் மழைக்காலத்தில் கூடு கட்டும். அதுவரை சருகைப் புரட்டிப் புழு தின்றுகொண்டு உங்கள் தோப்பில்தான் இருக்கும். சருகைக் கூட்டி எரிக்காதீர்கள். விடியலிலும் அந்தியிலும் அது கூப்பிடும் நேரத்தைத் தினமும் குறித்து வையுங்கள். எங்கள் வீட்டுப் பின்னால் நேற்று 6:20க்கு இரண்டு முறை கூப்பிட்டது. இப்போது மணி ஆறாகிறது, போய்க் கேட்டுவிட்டு வருகிறேன்.