இருபது பேர் சேர்ந்து பறவை பார்க்கப் போகலாமா?

கேள்வி: தர்மபுரியில் எங்கள் தெருவில் நான்கு குடும்பம், குழந்தைகளும் பெரியவர்களுமாக இருபது பேர். பொங்கல் விடுமுறையில் வேன் பிடித்து நீர்ப்பறவைகள் பார்க்கப் போக நினைக்கிறோம். முடிந்தால் நீர்நாயும் பார்க்க ஆசை. கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையா, ஒகேனக்கலா? போன முறை அணைக்குப் போய்ப் பூங்காவில் உட்கார்ந்துவிட்டு வந்ததுதான் மிச்சம்.

பதில்: பறவைதான் நோக்கம் என்றால் கே.ஆர்.பி. அணைக்கே போங்கள். ஆனால் பூங்காவும் மதகும் இருக்கும் பக்கம் வேண்டாம். அங்கே தண்ணீர் ஆழம். நீர்க்காகம், முக்குளிப்பான் மாதிரி முங்கி மீன் பிடிப்பவைதான் அங்கே பிழைக்கும். தென்பெண்ணை வந்து அணைக்குள் விழுகிற மேல்கோடிக்குப் போங்கள். கரை சரிவாக இறங்கி, முழங்கால் அளவுத் தண்ணீரும் சேறுமாகக் கிடக்கும் இடத்தில்தான் கூட்டம் சேரும். வழியை ஊர்க்காரர்களிடம் கேளுங்கள், விளைந்த வயலுக்குள் இறங்கி நடக்காதீர்கள்.

முழங்கால் அளவு என்று ஏன் சொல்கிறேன் என்றால், மஞ்சள்மூக்கு நாரை மீனைக் கண்ணால் தேடுவதில்லை. அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் விட்டு, காலால் அடியைக் கிளறிக்கொண்டே நடக்கும். அலகில் மீன் உரசிய கணத்தில் டக்கென்று மூடிக்கொள்ளும். கால் எட்டாத ஆழத்தில் இந்த வித்தை பலிக்காது. அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், நெடுங்கால் உள்ளான் எல்லாவற்றுக்கும் இப்படி ஆழமில்லாத தண்ணீர்தான் வேண்டும்.

அதனால் கிளம்பும் முன் அணையின் நீர்மட்டம் பாருங்கள், நாளிதழிலேயே வரும். முழுக் கொள்ளளவு 52 அடி. வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்து அணை தளும்பினால் பார்க்க அழகுதான், ஆனால் சேற்றுக்கரை முழுக்க மூழ்கிவிடும், பறவைகள் சிதறிப்போகும். மட்டம் இறங்க இறங்கத்தான் கரை வெளியே வரும், பறவையும் வரும். பொங்கலுக்கு அணை நிரம்பியிருந்தால் பிப்ரவரிக்குத் தள்ளிப்போடுங்கள், வலசை வந்த வாத்துகள் அப்போதும் இருக்கும். தள்ள முடியாதென்றால், போகிற வழியில் நடவுக்குச் சேறடித்த வயல்களில் நின்று பாருங்கள். கொக்கும் மடையானும் அங்கே நிச்சயம்.

சரி, இருபது பேர் விஷயத்துக்கு வருவோம். கூட்டமாகப் போனால் ஒன்றும் தெரியாது என்று பலரும் பயமுறுத்துவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஐந்து ஐந்து பேராகப் பிரியுங்கள், கால் மணி நேர இடைவெளி விட்டுக் கரைக்குப் போங்கள். ஒவ்வொரு குழுவிலும் பொறுமையான பெரியவர் ஒருவர் முன்னே நடக்கட்டும். மேய்ந்துகொண்டிருந்த பறவை தலையைத் தூக்கி உங்களையே பார்த்தால் அதுதான் எல்லை, அங்கேயே நில்லுங்கள். ஆட்காட்டிக் குருவி கத்த ஆரம்பித்துவிட்டால் அசையாமல் உட்கார்ந்துவிடுங்கள், சற்று நேரத்தில் அடங்கிவிடும்.

குழுவுக்கு ஒரு பைனாகுலர் போதும். 8x42 என்று போட்டிருப்பதை வாங்குங்கள் அல்லது இரவல் கேளுங்கள். அதிகம் பெரிதாக்கிக் காட்டுவது சின்னக் கைகளில் ஆடும். காலை ஆறரைக்கெல்லாம் கரையில் இருந்தால் நல்லது. கிழக்குக் கரையில் நின்று மேற்கே பாருங்கள், வெயில் முதுகில் விழும், பறவையின் நிறம் துல்லியமாகத் தெரியும். ஒன்பது மணிக்குமேல் கானல் ஆடும்.

குழந்தைகளுக்கு முதலில் பாம்புத்தாராவைக் காட்டுங்கள். உடம்பு தண்ணீருக்குள், கழுத்து மட்டும் வெளியே, பாம்பு நீந்துவது போலவே இருக்கும். கூரிய அலகால் மீனைக் குத்தி எடுத்து, மேலே எறிந்து, தலைப்பக்கமாக விழுங்கும். இறகில் நீர் ஊறிவிடுவதால் பிறகு பட்ட மரத்தில் ஏறிச் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டே இருக்கும். பறக்காமல் நெடுநேரம் உட்காரும் பறவை, பைனாகுலர் பழகாத கண்ணுக்கு அதுதான் வசதி.

சேற்றில் யாரையும் இறங்க விடாதீர்கள். மேலே காய்ந்து வெடித்திருந்தாலும் அடியில் இடுப்பு வரை புதையும்.

நீர்நாய்க்கு ஒகேனக்கல் பக்கக் காவிரிதான் இடம். ஆனால் அருவி, பரிசல் துறை, மீன் வறுக்கும் கடை இருக்கிற இடத்தில் எதிர்பார்க்காதீர்கள். அது ஆள் சந்தடி இல்லாத மடுக்களில், காலையிலும் மாலையிலும் குடும்பமாக வந்து வேட்டையாடும். கரைப்பாறையில் மீன் செதிளும் முள்ளுமாகக் கிடக்கும் எச்சம்தான் அடையாளம். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளில் சுமார் 686 சதுர கிலோமீட்டர் 2022-இல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதற்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். ஆற்றில் முதலையும் உண்டு. இருபது பேரோடு, அதுவும் பொங்கல் கூட்டத்தில், நீர்நாயைத் தேடிப் போகாதீர்கள். அதற்கு நாலைந்து பேராகத் தனியே ஒரு நாள் வையுங்கள்.

ஓசூர்ப் பக்கம் கெலவரப்பள்ளி அணையை யாராவது சொன்னால், அதிகாலையில் விசாரிக்காமல் போகாதீர்கள். ராகி விளையும் பருவத்திலிருந்து குளிர்காலம் முடிய அந்தப் பக்கம் யானைக் கூட்டங்கள் நடமாடும். அங்கே பொங்கும் ஆற்று நுரையையும் குழந்தைகள் தொடக் கூடாது, அது ரசாயனக் கழிவு.

இன்னொன்று. நீங்கள் போகும் அதே நாட்களில்தான் தமிழ்நாட்டில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும், 2015-இலிருந்து நடக்கிறது. ஓரிடத்தில் கால் மணி நேரமாவது நின்று, பார்த்த பறவைகளை எண்ணி ஈபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றினால் போதும், யாரும் சேரலாம். ஐந்து பேரில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை கையில் நோட்டைக் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். பெயர் தெரியாத பறவைக்குக் கால் நிறம், அலகின் வளைவு இரண்டையும் குறித்துக்கொண்டால், வீட்டுக்கு வந்து கண்டுபிடித்துவிடலாம்.