உளவளத்துணையை நாடினால் பீடத்துக்குத் தெரிந்துவிடுமா?

கொழும்பில் படிக்கும் உங்கள் தங்கை மூன்று வாரங்களாக விரிவுரைக்குப் போகவில்லை, வாங்கி வைத்த சோற்றுப் பார்சலும் பிரிக்கப்படாமலே கிடக்கிறது, உளவளத்துணையை (மனநல ஆலோசனையை) நாடினால் பல்கலைக்கழகப் பீடத்துக்குத் தெரிந்துவிடுமோ என்று அவர் அஞ்சுகிறார் என எழுதியிருக்கிறீர்கள்.

பீடங்களில் மாணவர் ஆலோசகர்களாக இருப்பவர்கள் பெரும்பாலும் விரிவுரையாளர்களே என்பதால், நாளை தன் விடைத்தாளைத் திருத்தப்போகிறவரிடம் மனம் திறக்க ஒரு பிள்ளை தயங்குவது நியாயமானதே. ஆனால் பயிற்சி பெற்ற உளவளத்துணையாளர், உயிருக்கு ஆபத்து என்று கருதினாலன்றி, கேட்டதை வெளியில் சொல்லக்கூடாது என்பது அத்தொழிலின் நெறி; இதை முதற் சந்திப்பிலேயே கேட்டுத் தெளியலாம்.

பல்கலைக்கழகத்துக்கு வெளியே, 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை 24 மணி நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். மனம் நொந்தவர்களுக்குச் செவிகொடுக்கும் தொண்டு அமைப்பான, 1974 முதல் இயங்கும் சுமித்ரயோவும் இருக்கிறது.

சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று தங்கையிடம் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல் இன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.