அழுத்தத்தை அளந்து அடுப்பின் கிலோவாட்டைச் சொல்ல முடியுமா?

கேள்வி இதுதான்: சமையல் எரிவாயு அடுப்பின் ஹோஸில் டி (மூன்று வழி இணைப்பு) இணைத்து யு-குழாய் மானோமீட்டர் (நீர்மட்ட வித்தியாசத்தால் அழுத்தம் காட்டும் குழாய்) மாட்டினால் 200 மி.மீ. நீர் காட்டுகிறது. பர்னரின் வெப்பத் திறன் எத்தனை கிலோவாட்?

அழுத்தம் மட்டும் போதாது, பர்னருக்குள் வாயுவைப் பீய்ச்சும் ஜெட்டின் துளை அளவும் வேண்டும். வீட்டு அடுப்புக்கான அழுத்தம் சதுர செ.மீ.க்கு 30 கிராம், அதாவது 300 மி.மீ. நீர். அந்த அழுத்தத்தில் 1 மி.மீ. ஜெட் வழியே மணிக்குச் சுமார் 0.27 கிலோ வாயு போகும். கிலோவுக்கு 12.7 கிலோவாட்-மணி (நிகர கலோரி மதிப்பு, அதாவது நீராவியோடு போகும் வெப்பத்தைக் கழித்தது) என்று வைத்தால் ஏறக்குறைய 3.4 கிலோவாட்.

இனி உங்கள் 200. வாயு ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 200/300-இன் வர்க்கமூலம் 0.82, ஆகவே 2.8 கிலோவாட். அழுத்தம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தும் திறன் 18 சதவீதம்தான் குறைகிறது, பலர் ஏமாறும் இடம் இது. துளையில் கதை வேறு: விட்டத்தின் வர்க்கப்படி கூடும். ஊசியால் நோண்டி 1.1 மி.மீ. ஆக்கிவிட்டால் 21 சதவீதம் அதிக வாயு, பிறகு பாத்திரமெல்லாம் கரி. அடுப்பில் திறன் அச்சிட்டிருந்தால் துளையை அளக்கவே வேண்டாம். அந்த எண்ணை 0.82-ஆல் பெருக்குங்கள்.

பர்னர் எரியும்போதுதான் அளக்க வேண்டும், குமிழ் முழுதும் திறந்திருக்க வேண்டும். மூடி வைத்து அளந்தால் ரெகுலேட்டரின் பூட்டழுத்தம் (வாயு ஓடாதபோது நிற்கும் அழுத்தம்) வரும், அது எதற்கும் உதவாது. டி குமிழுக்கு முன்னால் இருப்பதால் ஜெட்டில் உண்மையான அழுத்தம் சற்றுக் குறைவாகவே இருக்கும். 300 காட்டியும் சுடர் சோர்ந்திருந்தால் ஜெட்டில் அடைப்பு. அழுத்தமும் சுடரும் சேர்ந்தே இறங்கினால் ரெகுலேட்டர், ஹோஸ் அல்லது குளிர்ந்துபோன சிலிண்டரைப் பாருங்கள்.

ஹோட்டல்களின் ஹை பிரஷர் பர்னரில் 0.7 பாரைத் தாண்டினால் இந்த வர்க்கமூலக் கணக்கு செல்லாது. வாயு ஒலிவேகத்தை எட்டிவிடும், ஓட்டம் தனி அழுத்தத்துக்கு (வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்தது) நேர்விகிதமாகிவிடும்.

சந்தேகம் இருந்தால் சிலிண்டரை எடை போடுங்கள். 10 கிராம் துல்லியமுள்ள தராசில், ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு (ஹோஸ் இழுத்தால் எடை மாறும்), ஒரு மணி நேரம் எரிப்பதற்கு முன்னும் பின்னும். குறைந்த கிலோவை 12.7-ஆல் பெருக்கினால் கிலோவாட். டி-யை எடுத்தபின் மூட்டுகளில் சோப்பு நுரை வைத்துக் கசிவு பாருங்கள்.